மழலையர் பள்ளிக்கு எந்தப் பெயிண்ட், எந்தத் தரை, எந்தக் கூரை?

கேள்வி: மதுரையில் 1980களில் கட்டப்பட்ட ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, இரண்டு முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்கு மழலையர் பள்ளி தொடங்குகிறோம். வீட்டின் பின்புறம் சிமெண்ட் ஷீட் போட்ட பழைய கொட்டகை ஒன்று இருக்கிறது. அதை விளையாட்டு அறையாக்க எண்ணம். ஜூனில் திறக்க வேண்டும். குழந்தைகளின் உடலுக்குக் கேடு செய்யாத பொருட்களையே பயன்படுத்த விரும்புகிறோம், ஆனால் பணம் அளவாகத்தான் இருக்கிறது. எதில் செலவழிக்கலாம், எதை விட்டுவிடலாம்?

பதில்:

இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஏதாவது ஒரு ‘பசுமைப் பொருள்’ பட்டியலை வைத்திருப்பார்கள். அதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். மழலையர் பள்ளிகளில் பணம் போகும் இடங்களைப் பாருங்கள்: ஃபால்ஸ் சீலிங், வண்ண விளக்கு, வாசலில் வளைவு, பெற்றோரின் கண் மட்டத்தில் கார்ட்டூன் படங்கள். குழந்தையோ தரையிலிருந்து மூன்று அடிக்குள் வாழ்கிறது. அது தரையில் புரள்கிறது, ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்கிறது, மேசை விளிம்பைக் கடிக்கிறது, கையை நக்குகிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறது. அதுவும் தூசி படிந்திருக்கும் தரையை ஒட்டிய காற்றை. உங்கள் பணத்தில் பெரும்பகுதி இந்த மூன்று அடிக்கே போகட்டும். மூன்று அடிக்கு மேலே உள்ளவற்றில் நான் விடாப்பிடியாக நிற்பது கூரை ஒன்றில்தான்.

முதலில் பழைய பெயிண்ட். வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற இந்திய விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் வீட்டின் கதவு, ஜன்னல், கம்பிகளில் அதற்கு முன் முப்பது ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் பூசிய எனாமல் இருக்கும். குறிப்பாக மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களில் ஈயக் குரோமேட் கலப்பது அன்றைய வழக்கம். உடலுக்குள் இவ்வளவு வரை போகலாம் என்று ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாய்வழி உள்ளே போகும் ஈயத்தில் சிறு குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும் பங்கு, பெரியவர்கள் உறிஞ்சுவதைப்போல நான்கைந்து மடங்கு. போய்ச் சேரும் இடம் மூளையும் எலும்பும்.

சுவரில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய எனாமலால் உடனடி ஆபத்து குறைவு. அதை நீங்கள் ‘சுத்தம்’ செய்யத் தொடங்கும்போதுதான் ஆபத்து எழுகிறது. பெயிண்டர் வந்ததும் முதல் வேலையாக உப்புத்தாளை எடுத்து வறட்டுத் தேய்ப்பாகத் தேய்ப்பார். இல்லாவிட்டால் தீ விளக்கைக் காட்டிச் சுரண்டுவார். இரண்டுமே வேண்டாம். தேய்த்தால் கிளம்பும் தூசி தரையிடுக்கில் தங்கிவிடும். தீ காட்டினால் ஈயப் புகை வரும். ஆகவே தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டச் சொல்லுங்கள். கீழே பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, சுரண்டியதை அதிலேயே சுருட்டிக் கட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் துடைப்பம் போடாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், ஒரு முறை போதாது. பெயிண்டர் அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போனால் அவருடைய பிள்ளைகளுக்கும் இதே தூசிதான். மாற்றுச் சட்டையும் கை கழுவ இடமும் கொடுப்பதைச் செலவுக் கணக்கில் சேருங்கள்.

பெயிண்ட் உரியாத இடங்களைச் சுரண்டவே வேண்டாம், மேலே புதிதாகப் பூசிவிடலாம். ஒன்றோடொன்று உரசும் இடங்களுக்கு மட்டும் இது பொருந்தாது. ஜன்னல் கதவு சட்டத்தில் இடிக்கும் விளிம்பு, வாசற்கதவு தரையைத் தொடும் அடிப்பகுதி ஆகியவை ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் பொடி உதிர்க்கும். அந்தக் கதவுகளைக் கழற்றி மாற்றிவிடுவதே நல்லது. வீட்டு உரிமையாளர் தேக்குக் கதவை விடமாட்டேன் என்றால், அதைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பி ஈரமாகவோ ரசாயனக் குழம்பு பூசியோ உரித்து வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் நாலைந்து இடங்களில் பெயிண்ட் சில்லுகளை எடுத்து அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஈயம் பார்க்கக் கொடுக்கலாம். ஒரு ஃபால்ஸ் சீலிங் மூலைக்கு ஆகும் செலவைவிட அது குறைவு.

புதிய பெயிண்டைப் பொறுத்தவரை, உள்ளே எல்லா இடத்திலும் தண்ணீர் கலக்கும் வகை போதும். தின்னரோ டர்பன்டைனோ கேட்கும் எனாமல் வகுப்பறைக்குள் வரவே வேண்டாம். டின்னில் ஈய அளவு 90-க்கு மேல் இல்லை என்ற வாசகம் அச்சாகியிருக்க வேண்டும். விதியே அதைக் கேட்கிறது. இந்த விதியில் பலரும் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு. அது வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளுக்கு மட்டுமே. தொழிற்சாலைப் பெயிண்டுகள் அதற்குள் வராது. ஊஞ்சலையும் சறுக்கையும் வெல்டிங் பட்டறையில் அடித்துக் கொடுப்பவர் அங்கே கிடக்கும் எந்த மஞ்சள் டின்னையும் எடுத்துப் பூசுவார். குழந்தை நாள் முழுவதும் பிடித்துத் தொங்குவது அந்தக் கம்பியைத்தான். ஊஞ்சல் வாங்கும்போது பெயிண்டின் ஈய அளவு பற்றி எழுத்தில் கேளுங்கள். ‘அதெல்லாம் நல்ல பெயிண்ட்தான் சார்’ என்ற பதில் வந்தால், பூசாமல் வெறும் கம்பியாக வாங்கி, வீட்டு உபயோக டின்னை நீங்களே வாங்கிக் கொடுத்துப் பூசச் சொல்லுங்கள். வெளியில் பூசிக் காயவைக்கும் கம்பிக்கு அந்த வகை எனாமலை நான் மறுக்கமாட்டேன்.

அங்கன்வாடிச் சுவர்களில் எழுத்தும் எண்ணும் வரையும் வழக்கம் நல்லதுதான். வரைபவர் கையில் உள்ள சின்னச் சின்ன டப்பாக்கள் மட்டும் என்னவென்று பாருங்கள். சுவர் முழுவதற்கும் உயர்ந்த ரகம் வாங்கிவிட்டு, குழந்தை விரல் வைத்துத் தடவிப் படிக்கும் ‘அ’வை மட்டும் பேர் தெரியாத எனாமலில் எழுதுவது பல இடங்களில் நடக்கிறது.

சுண்ணாம்பு அடிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மூன்று அடிக்கு மேலே தாராளமாக அடிக்கலாம். மலிவு, வாடையில்லை, பூஞ்சை எளிதில் பிடிக்காது. பழைய செங்கல் சுவரில் ஏறும் ஈரத்தை வெளியே விடும். ஈரச் சுவரின் மேல் பட்டி பார்த்து வழவழப்பாகப் பெயிண்ட் அடித்தால் அடுத்த ஐப்பசியில் கொப்பளித்துப் பின்னால் கருப்புப் பூஞ்சை படரும். மூச்சிரைப்பு உள்ள குழந்தைக்கு அது ஆகவே ஆகாது. ஆனால் கீழ்ப்பகுதியில் சுண்ணாம்பு வேண்டாம். கையில் ஒட்டும், காரத்தன்மையால் கண்ணை எரிக்கும். அங்கே கழுவக்கூடிய எமல்ஷனோ, மூன்றடி உயரத்துக்கு மேட் டைல்ஸோ போதும். ஈரம் ஏறும் சுவராக இருந்தால் அதை அடைப்பதற்கு முன் ஒழுகும் குழாயையும் மழைநீர் தேங்கும் மூலையையும் சரிசெய்யுங்கள். எந்தப் பெயிண்டும் அந்த வேலையைச் செய்யாது.

இப்போது அந்தக் கொட்டகை. 1980களின் சிமெண்ட் ஷீட் என்றால் அது ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த நார் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் அறிவியலில் சச்சரவு இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் முழுவதுமாகத் தடை செய்துவிட்டது. இந்தியாவில் ஷீட் இன்னும் கடையில் கிடைக்கிறது. நம் ஊர்ப் பள்ளிகளின் கூரைக்கு வருத்தமான ஒரு வரலாறு உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் மாண்டார்கள். அதன்பின் பள்ளிகளில் கீற்றை அகற்றினார்கள். அகற்றியே தீர வேண்டும், அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் அந்த இடத்தில் பல கூரைகளில் ஏறியது இந்த ஷீட்தான். தென்னங்கீற்று இயற்கைப் பொருள்தான். அப்படியும் குழந்தைகளின் தலைக்கு மேல் அது இருக்கக் கூடாது. எந்தப் பொருளையும் ‘இயற்கையானது’ என்ற ஒரே காரணத்துக்காக நான் சிபாரிசு செய்யாததற்கு இதுவே காரணம்.

உடையாமல் கிடக்கும் ஷீட் பெரிதாக நாரை வெளியிடாது. துளை போடும்போது, வெட்டும்போது, பாசி படிந்ததைத் தேய்த்துக் கழுவும்போது, நாள்பட்டு மேல்பரப்பு பொரியும்போது வெளியிடும். நாற்பது ஆண்டுப் பழைய ஷீட்டின் அடியில் மின்விசிறி மாட்டத் துளை போட்டு, பந்து எறிந்து விளையாடும் அறையாக்குவது நான் ஒப்புக்கொள்ளும் யோசனை அல்ல. அடியில் ஃபால்ஸ் சீலிங் அடித்து மறைப்பதும் அரைகுறைத் தீர்வுதான். கழற்றிவிடுங்கள். கழற்றும்போது ஷீட்டைத் தண்ணீரால் நனைத்து, ஆணியையோ ஜே போல்டையோ கழற்றி முழுதாக இறக்க வேண்டும். சுத்தியலால் உடைத்துத் தள்ளக் கூடாது. கெட்டியான பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்ட வேண்டும். இது அபாயக் கழிவு. குப்பைத் தொட்டிக்கோ, பக்கத்து மனையில் பள்ளம் நிரப்பவோ போகக் கூடாது. எங்கே ஒப்படைப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வேலை செய்பவர்களுக்கு முகத்தோடு படியும் நல்ல சுவாசக் கவசம் வேண்டும்; மூக்கில் கட்டிய துண்டு எதையும் தடுக்காது.

மாற்றாக மங்களூர் ஓடு போடலாம். சட்டம் தாங்குமா என்று பார்க்க வேண்டும், எடை கூடும். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத சிமெண்ட் ஷீட்டும் இப்போது கிடைக்கிறது. பில்லில் அப்படி எழுதி வாங்குங்கள், கண்ணால் பார்த்து வேறுபாடு சொல்ல முடியாது. வெறும் தகர ஷீட் மட்டும் போட்டால் மதுரை வெயிலில் உள்ளே உட்கார முடியாது. வீட்டின் மொட்டைமாடிக்கு நம் பழைய முறையே சிறந்தது: செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளத்தின் மேல் தட்டோடு. இருப்பதில் வெடிப்பு மட்டும் பூசி, கோடைக்கு முன் மேலே வெள்ளையடித்துவிட்டால் கீழே அறை கணிசமாகக் குளிரும். அப்படிக் குளிர்ந்தால் ஜன்னலைத் திறந்து வைக்கலாம். ஏசி போட்டு மூடிய அறையில் உள்ளே இருக்கும் காற்றே சுற்றிச் சுற்றி வரும்.

தரையைப் பற்றிச் சொல்ல எனக்குப் பிடித்த செய்தி இது: உங்கள் தரையை மாற்ற வேண்டாம். அந்தக் காலத்து வீடு என்றால் சிவப்பு ஆக்சைடு தரையோ மொசைக்கோ இருக்கும். இரண்டும் சிமெண்டும் கல்லும் இரும்பு ஆக்சைடும்தான். பசை இல்லை, பிளாஸ்டிக் இல்லை, இடுக்குகள் குறைவு, குளிர்ச்சி. வெடிப்பை அடைத்து, மொசைக்காக இருந்தால் ஒருமுறை பாலிஷ் போட்டு, பாலிஷ்காரர் பயன்படுத்தும் ஆக்சாலிக் அமிலத்தை நன்றாகக் கழுவி எடுக்கச் சொன்னால் முடிந்தது. ஏதாவது ஓர் அறைத் தரை மிகவும் கெட்டிருந்தால் காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடிக் கல் வாங்கிப் பதிக்கலாம். கண்ணாடித் தட்டின் மேல் நிறக் கலவையை ஊற்றிக் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து இறுகச் செய்யும் கல் அது, சூளையே வேண்டாம். பளபளக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ் நச்சுப் பொருள் அல்ல. ஆனால் தண்ணீர் சிந்தினால் குழந்தை மண்டையை உடைத்துக்கொள்ளும், அதுவும் ஆரோக்கியக் கேடுதான்.

தரைமேல் விரிப்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். மெத்தென்ற வினைல் ஷீட்டை மெத்தென்று வைத்திருப்பது தாலேட் என்ற சேர்மங்கள். அவை பிளாஸ்டிக்கோடு இறுகப் பிணைந்திருப்பதில்லை. மெல்லக் கசிந்து தூசியில் சேரும். சுவீடனில் குழந்தைகளின் படுக்கையறைத் தூசியில் இருந்த தாலேட்டுகளுக்கும் ஆஸ்துமா, தோல் அழற்சிக்கும் தொடர்பு இருப்பதை 2004-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஒன்றோடொன்று கோக்கும் வண்ண நுரைப் பாய்களில் ஃபார்மமைடு என்ற நச்சு ரசாயனம் இருந்ததால் பெல்ஜியம் 2010-இல் அவற்றைச் சந்தையிலிருந்து விலக்கியது. நம்மிடம் கோரைப்பாய் இருக்கிறது, பவானி ஜமக்காளம் இருக்கிறது. பாயை வெயிலில் காயப்போடலாம், ஜமக்காளத்தைத் துவைக்கலாம். குழந்தை குதித்து விழும் மூலைக்கு உறையைக் கழற்றித் துவைக்கும்படி பஞ்சு மெத்தைகள் இரண்டு தைத்துக்கொள்ளுங்கள்.

மரச்சாமான் விஷயத்தில் மலிவு பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். மரத்தூளையும் மரநாரையும் அழுத்திச் செய்யும் பார்ட்டிக்கிள் போர்டு, எம்.டி.எஃப்., சாதாரண பிளைவுட் ஆகியவற்றை ஒட்டுவது யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. சூடும் ஈரமும் கூடக்கூட அந்தப் பசை சிதைந்து ஃபார்மால்டிஹைடு வாயுவை விடும். குளிர் நாட்டுக்குச் செய்த கணக்கு சித்திரை வெயிலில் பூட்டிய அறைக்குப் பொருந்தாது. கண் எரிச்சல், மூக்கில் நீர், வறட்டு இருமல் ஆகியவை உடனே தெரியும். 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. ஜப்பான் 2003-இலேயே கட்டடச் சட்டத்தைத் திருத்தி இதற்குக் கட்டுப்பாடு வைத்தது.

பிளைவுட்தான் வேண்டும் என்றால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் வகையைக் கேளுங்கள். அதில் பயன்படும் ஃபீனால் பசை மிகக் குறைவாகவே வாயு விடும். கடைக்காரரிடம், வாயு குறைவாக விடும் பலகைக்குத் தரும் ஈ0 அல்லது ஈ1 தரமா என்றும் கேளுங்கள். வெட்டிய விளிம்புகளிலிருந்துதான் வாயு அதிகம் கசியும். மேலே மைக்கா ஒட்டிவிட்டு அடிப்பக்கத்தையும் விளிம்பையும் பச்சையாக விடுவது ஆசாரிகளின் வழக்கம், அதை விடாதீர்கள். ஆனால் இவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது நாலு தாழ்வான மேசை, திறந்த அலமாரி, மணைப்பலகை. வேம்பிலோ பூவரசிலோ நேரடியாகவே செய்துவிடலாம். மூலைகளை உருட்டி, ஆளி விதை எண்ணெய் பூசினால் போதும். எண்ணெய் நனைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து எறியுங்கள்.

அலமாரி என்றதும் இன்னொன்று. அந்துருண்டை வேண்டவே வேண்டாம். கை கழுவும் தொட்டியிலும் துணி அலமாரியிலும் போடும் அந்த வெள்ளை உருண்டை பார்ப்பதற்குப் பெப்பர்மிண்ட் மாதிரி இருக்கும். அதில் உள்ள நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தையின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறைபாடு என்று உங்களுக்குத் தெரியாது.

கரையான் மருந்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது, சுவரும் தரையும் சேரும் இடத்தில் வரிசையாகத் துளை போட்டு மருந்து செலுத்துவார்கள். பெரும்பாலும் அது குளோர்பைரிஃபாஸ். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் பூச்சிக்கொல்லி அது. அமெரிக்காவில் வீட்டு உபயோகத்தைப் பெரும்பாலும் நிறுத்தும் முடிவு 2000-இல் எடுக்கப்பட்டது. முன்னே சொன்ன ஜப்பானியத் திருத்தம் இதைக் கட்டடங்களில் தடை செய்தது. 2025-இல், எளிதில் அழியாத நச்சுப் பொருட்களை ஒழிக்க நாடுகள் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலிலும், சில விதிவிலக்குகளோடு, சேர்ந்துவிட்டது. கரையானின் மண் கோடு எங்கும் தெரியாவிட்டால் ‘முன்னெச்சரிக்கையாக’ மருந்தடிக்கவே வேண்டாம். தெரிந்தால், அந்த மரத்தை எடுத்துவிட்டு, ஈரத்தை நிறுத்தி, புதிய மரத்துக்குக் கரையான் அரிக்காமல் காக்கும் போரேட் உப்புக் கரைசல் பூசுங்கள். ஒப்பந்தத்தில் ‘குளோர்பைரிஃபாஸ் கூடாது’ என்று பெயர் சொல்லி எழுதுங்கள். ‘பாதுகாப்பான மருந்து’ என்று எழுதினால் அவரவர் இஷ்டம்தான்.

மண்சுவர், சாணத் தரை என்று யாராவது ஆசை காட்டுவார்கள். மண்சுவரில் எனக்கு மறுப்பில்லை. வங்கதேசத்தின் ருத்ராபூரில் 2005-இல் மண்ணும் மூங்கிலும் கொண்டு கட்டிய பள்ளிக்கு 2007-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. அந்த மண்சுவர்கள் செங்கல் அடித்தளத்தின் மேல் நிற்கின்றன, அகன்ற கூரை மழையைத் தடுக்கிறது. புதிதாகக் கட்டுபவர் அப்படிக் கட்டலாம், உங்களுக்கு அது தேவையில்லை. சாணம் மெழுகிய தரையோ தவழும் குழந்தைக்கு ஏற்றதே அல்ல. கிருமியையும் புழு முட்டையையும் பற்றி நம் பாட்டிகளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நமக்குத் தெரியும்.

முற்றத்தில் பழைய டயர்களுக்கு வண்ணமடித்து நட்டு வைப்பது இப்போது எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. வெயிலில் தொட முடியாது, மழையில் உள்ளே தண்ணீர் தங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும், ரப்பர் கையில் கருப்பாக வரும். ஆற்று மணல் மேடும் இரண்டு மரக்கட்டையும் போதும். மணலை இரவில் மூடி வையுங்கள், பூனைகள் வரும்.

எல்லா ஜன்னலுக்கும் கொசுவலை அடியுங்கள். இதை ஏன் கட்டடப் பொருள் பட்டியலில் சேர்க்கிறேன் என்றால், வலை இல்லாத அறையில் ஆயாம்மா மத்தியானத் தூக்கத்துக்குக் கொசுவர்த்தி ஏற்றுவார். அல்லது ஜன்னலை மூடுவார். இரண்டாலும் மற்ற எல்லாச் செலவும் வீண்.

கடைசியாக ஜூன். வழக்கமாக என்ன நடக்கும் என்றால், மே கடைசி வாரம் வரை பெயிண்டும் பிளைவுட்டும் ஓடும், பூட்டிவிட்டுப் போவார்கள், திறப்பு விழாவன்று ஊதுபத்தி ஏற்றி வாடையை மறைப்பார்கள். உள்வேலை முடிந்த நாளுக்கும் குழந்தை நுழையும் நாளுக்கும் நடுவே குறைந்தது நாலு வாரம் விடுங்கள். அந்த நாட்களில் ஜன்னல், அலமாரி எல்லாம் திறந்து கிடக்கட்டும், மின்விசிறி ஓடட்டும். வாடை போனதும் எல்லாம் போய்விட்டதாக எண்ண வேண்டாம். பிளைவுட் மாதக்கணக்கில் வாயு விடும், மேசைகளை மரத்திலேயே செய்யச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். இதற்கெல்லாம் நேரம் போதாது என்றால் ஜூனில் முன்பக்க அறைகளை மட்டும் திறங்கள். கொட்டகையை இப்போதைக்குத் தொடாமல் பூட்டி, அந்தப் பக்கம் குழந்தைகள் போகாதபடி வேலி வையுங்கள். காலாண்டு விடுமுறையில் ஷீட்டை இறக்கி, இடத்தைக் கழுவித் துடைத்து, புதுக் கூரை போட்டுவிடலாம். விஜயதசமியன்று சேர வரும் குழந்தைகளுக்கு விளையாட்டு அறை தயாராக இருக்கும்.